அமெரிக்காவில் உடல் பருமன் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கண்டதையும் தின்கிறார்கள், உடம்பு வளைந்து வேலை செய்வதில்லை, அதனால் குண்டாகிறார்கள்." அமெரிக்கர்களின் உடல் பருமனைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்களில் பலர் இந்த ஒரு வரியில் தீர்ப்பை முடித்துவிடுகிறார்கள். ஊட்டச்சத்து, பொதுச் சுகாதாரம் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறேன். அந்தத் தீர்ப்பு தவறு, பருமனோடு வாழும் மனிதர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, விஷயம் அப்படி.

அங்கே உண்மையிலேயே எத்தனை பேருக்குப் பருமன் இருக்கிறது?

வயது வந்தவர்களில் பத்துப் பேருக்கு நான்கு பேர். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி, நாடு முழுவதும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நடமாடும் பரிசோதனைக் கூடத்தில் உயரத்தையும் எடையையும் தானே அளந்து பார்க்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரை நடந்த கணக்கெடுப்பில் 40.3% பேருக்குப் பருமன் இருந்தது.

பருமன் என்று எதைச் சொல்கிறார்கள்? எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. அது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் பருமன். 170 செ.மீ. உயரம் உள்ளவர் 87 கிலோ இருந்தால் இந்தக் கணக்கில் வந்துவிடுவார். பிஎம்ஐ 40ஐத் தாண்டினால் தீவிரப் பருமன். அதே உயரக்காரருக்கு அது 116 கிலோ. அமெரிக்காவில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார்.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசமும் பெரிது. மக்களே சொன்ன உயர எடையை வைத்து 2023ல் எடுத்த கணக்கில் மேற்கு வர்ஜீனியாவில் 41%, கொலராடோவில் 25%.

இது எப்போது தொடங்கியது?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெரியவர்களில் 13% பேருக்குப் பருமன் இருந்தது. 1970களின் கடைசியில் 15%. இருபது வருடங்களில் அவ்வளவுதான் நகர்ந்தது. அப்புறம் 1988-94 கணக்கெடுப்பில் 23% ஆகிவிட்டது. 1999-2000ல் 30%ஐத் தாண்டியது. 2017-20ல் 42%ஐத் தொட்டது.

ஆக, 1980ஐ ஒட்டி ஏதோ நடந்திருக்கிறது. கீழே வரும் பல பதில்கள் அந்த வருடத்தைச் சுற்றியேதான் வரும்.

மக்களுக்கு மன உறுதி இல்லாததுதானே காரணம்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. ஒரு நாட்டில் ஆண், பெண், இளைஞர், முதியவர், வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என எல்லாப் பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே காலகட்டத்தில் எடை ஏறியிருக்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி கைவிட்டுப் போனது என்று எப்படி நம்புவது? நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் எடை ஏறியது. நான்கு வயதுக் குழந்தையிடம் என்ன மன உறுதியை எதிர்பார்ப்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1965ல் அமெரிக்கப் பெரியவர்களில் 42% பேர் சிகரெட் பிடித்தார்கள். 2022ல் அது 12% அளவுக்கு இறங்கியிருந்தது. பருமன் ஏறிய அதே காலத்தில், விடுவதற்கு மிகக் கடினமான பழக்கங்களில் ஒன்றை அதே மக்கள் விட்டிருக்கிறார்கள். சிகரெட்டுக்கு வரி போட்டார்கள், தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடுத்தார்கள், பொது இடங்களில் பிடிக்கக்கூடாது என்றார்கள். சூழ்நிலை உதவியது, மக்கள் விட்டார்கள். சாப்பாட்டு விஷயத்தில் சூழ்நிலை நேர் எதிர்த் திசையில் போனது. (சிகரெட்டை விட்டவர்களுக்குக் கொஞ்சம் எடை ஏறுவது உண்மைதான். ஆனால் மொத்த உயர்வில் அது சிறு பங்கு.)

அப்படிச் சாப்பாட்டில் என்னதான் மாறியது?

முதலில் மொத்த அளவு. கடைகளிலும் உணவகங்களிலும் ஆளுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் உணவை, வீணாவதைக் கழித்துவிட்டு அமெரிக்க வேளாண்மைத் துறை கணக்கிடுகிறது. 1970ல் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,000 கலோரி. 2010ல் சுமார் 2,500. பெரும்பகுதி மாவுப் பொருட்களாகவும் எண்ணெயாகவும் வந்தது.

ஆனால் ஏன் 500 கலோரி கூடுதலாக வயிற்றில் இறங்கியது? பசி திடீரென்று கூடிவிடவில்லையே. இதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் கெவின் ஹால். மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர். இவருடைய குழு 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலையில் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமையலறையில் செய்த சாதாரண உணவு. யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். ஒரு பக்கம் டப்பாவில் அடைத்த ராவியோலி, வெள்ளை ரொட்டி, மார்ஜரின், பாக்கெட் பிஸ்கட். இன்னொரு பக்கம் மாட்டிறைச்சியோடு ப்ரோக்கோலி, பாஸ்மதி சோறு, ஆரஞ்சுச் சுளைகள், பருப்புக் கொட்டைகள்.

தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து குறைவு என்பதால் குடிக்கும் பானத்தில் அதைக் கலந்துகூடக் கொடுத்தார்கள். "வேண்டிய அளவு சாப்பிடுங்கள், மிச்சம் வைத்தாலும் பரவாயில்லை" என்றார்கள். 2019ல் முடிவு வெளியானது. பதப்படுத்திய உணவு தின்ற வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. சாதாரண உணவுக்கு வந்த வாரங்களில் 0.9 கிலோ இறங்கியது. எது அதிக ருசி என்று கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் என்றார்கள்! ஆனால் பதப்படுத்தியதை வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை. வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலி.

20 பேர், நான்கு வாரம் என்பது சின்ன ஆய்வுதான். ஆனால் அவர்கள் வாயில் போட்ட ஒவ்வொரு கவளமும் கணக்கில் இருந்தது. இந்தத் துறையில் அது அபூர்வம்.

அதீதமாகப் பதப்படுத்திய உணவு என்றால் எது? ரொட்டியுமா?

பிரேசிலின் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் கார்லோஸ் மொன்டேரோ வகுத்த பிரிவு இது. வீட்டுச் சமையலறையில் இருக்காத பொருட்களை வைத்து, ஆலையில் உருவாக்கி, பாக்கெட்டில் வருவது என்று பொதுவாகப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சாதாரண ரொட்டியை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு என்பதோடு நிற்காது. சர்க்கரை அல்லது மக்காச்சோளப் பாகு, சோயா எண்ணெய், தனியாகச் சேர்த்த குளூட்டன், மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கால்சியம் புரோபியோனேட் என்று பட்டியல் நீளும். இதில் ஒவ்வொன்றும் விஷம் என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகச் சேர்ந்து, மெல்லாமலே இறங்கும், சீக்கிரம் கெடாத, மலிவான ஒரு பொருள் உருவாகிறது என்பதுதான் செய்தி.

அமெரிக்கர்கள் சாப்பிடும் கலோரிகளில் பாதிக்கு மேல் இத்தகைய உணவிலிருந்து வருகிறது. சிறுவர்களிடம் 60%ஐத் தாண்டுகிறது.

மக்காச்சோளச் சர்க்கரைப் பாகுதான் குற்றவாளி என்கிறார்களே?

பாதி உண்மை. 1970களில் நிக்சன் அரசின் வேளாண் அமைச்சராக இருந்தவர் எர்ல் பட்ஸ். வேலி முதல் வேலி வரை விதையுங்கள் என்று விவசாயிகளை முடுக்கிவிட்டார். மக்காச்சோளம் மலைபோல் குவிந்தது, விலை இறங்கியது. இன்னொரு பக்கம் இறக்குமதிச் சர்க்கரைக்கு அரசு கட்டுப்பாடு வைத்ததால் சர்க்கரை விலை ஏறியது. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து இனிப்புப் பாகு எடுக்கும் தொழில்நுட்பமும் கைக்கு வந்திருந்தது. 1984ல் கோக்கும் பெப்சியும் அமெரிக்காவில் தங்கள் பானங்களுக்கு முழுவதுமாக இந்தப் பாகையே பயன்படுத்த முடிவு செய்தன.

ஆனால் வேதியியலில் இந்தப் பாகுக்கும் நம் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சர்க்கரையில் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை பாதி, குளிர்பானப் பாகில் 55%. ஆஸ்திரேலியாவில் கரும்புச் சர்க்கரையைத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கேயும் பருமன் ஏறியது. அமெரிக்காவில் பாகின் பயன்பாடு 1999 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது, பருமன் இறங்கவில்லை. பாகு செய்த கேடு, இனிப்பை மிக மலிவாக்கியது. இனிப்பு மலிந்ததும் பானத்தின் அளவைப் பெரிதாக்குவதற்குக் கம்பெனிக்குச் செலவே இல்லை என்றாகிவிட்டது.

அளவு அவ்வளவு பெரிதாகிவிட்டதா?

ஆமாம். பழைய கோக் பாட்டில் 6.5 அவுன்ஸ், அதாவது 200 மில்லிக்கும் குறைவு. 1980ல் செவன் லெவன் கடைகள் 32 அவுன்ஸ் கோப்பையைக் கொண்டுவந்தன, கிட்டத்தட்ட ஒரு லிட்டர். 1989ல் அதே கடைகளில் 64 அவுன்ஸ் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கோப்பையில் 1.9 லிட்டர்! சாதாரண 12 அவுன்ஸ் கேனிலேயே 39 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி.

இதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். சிகாகோவில் சினிமாத் தியேட்டர்களில் வேலை பார்த்த டேவிட் வாலர்ஸ்டீன். ஒரு பொட்டலம் பாப்கார்ன் தின்றவர் இன்னொன்று வாங்கக் கூச்சப்படுகிறார், ஆனால் ஒரே பெரிய பொட்டலமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார் என்று அவர் கண்டுகொண்டார். பிற்பாடு மெக்டொனால்ட்ஸ் நிர்வாகக் குழுவில் சேர்ந்து அங்கும் இதையே வலியுறுத்தினார்.

பெரிதாகக் கொடுத்தால் மிச்சம் வைப்பார்களே என்று தோன்றும். வைப்பதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு மக்ரோனியும் சீஸும் வெவ்வேறு அளவில் பரிமாறிப் பார்த்தது. அரைக் கிலோ வைத்தபோது சாப்பிட்டதைவிட ஒரு கிலோ வைத்தபோது 30% அதிகம் உள்ளே போனது.

கொழுப்பைக் குறைக்கச் சொல்லித்தானே எல்லோரும் அறிவுரை சொன்னார்கள்?

சொன்னார்கள். 1977ல் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான குழு, கொழுப்பையும் சர்க்கரையையும் குறைக்கச் சொன்னது. 1980ல் அரசின் முதல் உணவு வழிகாட்டி வந்தது. ஆலைகள் கொழுப்பைக் குறைத்து, போன ருசியை ஈடுகட்டச் சர்க்கரையையும் மாவையும் கூட்டின. "கொழுப்பு இல்லாதது" என்று முன்பக்கத்தில் எழுதியதை மக்கள் நல்லெண்ணத்தோடு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

1960களில் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு, இதய நோய்க்குக் கொழுப்பைக் காரணம் காட்டிச் சர்க்கரையைத் தப்பவைக்கும் கட்டுரைக்காக ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்ததும் 2016ல் பழைய கடிதங்களிலிருந்து வெளியே வந்தது. அன்றைய மதிப்பில் 6,500 டாலர்.

உடற்பயிற்சி இல்லாதது, எங்கும் காரில் போவது காரணமில்லையா?

காரணம்தான், ஆனால் இரண்டாவது காரணம். 1956ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தபின் நகரங்கள் பக்கவாட்டில் பரவின. வீடு ஒரு பக்கம், கடை ஐந்து மைல் தள்ளி, நடுவே நடைபாதையே இல்லாத சாலை. மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப்போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே படும் அவஸ்தையே இதற்குச் சாட்சி. தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரலாம் என்றால் தெருமுனையில் கடை கிடையாது. 1969ல் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள். 2009ல் 13% பேர்தான். பெரியவர்களின் வேலையும் உட்கார்ந்த வேலையாகிவிட்டது. 1960களோடு ஒப்பிட்டால் வேலை நேரத்தில் செலவாகும் சக்தி நாளுக்குச் சுமார் 100 கலோரி குறைந்திருப்பதாக 2011ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பிறகு ஏன் இரண்டாவது காரணம் என்கிறேன்? தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களிடம் ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளர் அளந்து பார்த்தார். நாள் முழுக்க நடக்கிறவர்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், ஒரு நாளில் அவர்கள் செலவழிக்கும் மொத்தக் கலோரி அமெரிக்கர்களுடையதைப் போலவேதான் இருந்தது. உடம்பு ஓரிடத்தில் செலவழித்ததை வேறிடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது. உடற்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மனசுக்கும் மிக நல்லது. அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எடையைக் குறைக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் முழுவதுமாகப் போடாதீர்கள்.

ஏழைகள் எப்படிக் குண்டாக இருக்க முடியும்?

நம் தாத்தா காலத்துக் கணக்கில் பருமன் பணக்காரரின் அடையாளம். அமெரிக்காவில் அது தலைகீழ். பட்டம் படித்தவர்களில் 32% பேருக்குப் பருமன் இருக்கிறது. பட்டம் பெறாதவர்களில் 45% அளவில்.

விலையைப் பாருங்கள். மேலே சொன்ன கெவின் ஹால் ஆய்வில், நாளுக்கு 2,000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்கான பொருட்களை வாங்கப் பதப்படுத்திய உணவுக்கு 106 டாலர், சாதாரண உணவுக்கு 151 டாலர். அதோடு காய் நறுக்க, சமைக்க, பாத்திரம் கழுவ நேரம் வேண்டும். இரண்டு இடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

பக்கத்தில் நல்ல கடை இல்லாததுதான் பிரச்சினை என்று நம்பி, ஏழைப் பகுதிகளில் சூப்பர் மார்க்கெட் திறந்து பார்த்தார்கள். 2019ல் வெளிவந்த பெரிய பொருளாதார ஆய்வு, அதனால் மக்கள் வாங்குவது அதிகம் மாறவில்லை என்று காட்டியது. கடை வந்தது, ஆனால் வருமானமும் நேரமும் பழக்கமும் அப்படியே இருந்தன.

இன்னொரு ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. 1994 முதல் 1998 வரை அமெரிக்க வீட்டுவசதித் துறை, பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களில், மிக வறிய குடியிருப்புகளில் வசித்த குடும்பங்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த இடத்துக்கு மாறி வாழ வாடகை உதவி கொடுத்தது. சாப்பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெண்களைத் தேடிப்போய் அளந்தார்கள். இடம் மாற வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் தீவிரப் பருமனும் சர்க்கரை நோயும் குறைவாக இருந்தன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எல்லாம் மரபணுவின் வேலை என்கிறார்களே?

மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1986ல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு, டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தார். வளர்ந்தபின் அவர்கள் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை அல்ல. ஒரே சூழ்நிலையில் யாருக்கு எடை ஏறும், யாருக்கு ஏறாது என்பதைப் பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கிறது. ஆனால் நாற்பது வருடத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறாது.

இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்குப் பீமா பழங்குடியினரின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அரிசோனாவில் கீலா ஆற்றங்கரையில் பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பின்னாளில் அரசு கொடுத்த மாவு, கொழுப்பு, சர்க்கரைதான் அவர்களின் அன்றாட உணவானது. உலகிலேயே மிக அதிகமான சர்க்கரை நோய் விகிதங்களில் ஒன்று இவர்களிடம் பதிவானது.

இவர்களின் நெருங்கிய ரத்த உறவினர் மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியில், மய்கோபா என்ற ஊரில் இருக்கிறார்கள். அங்கே கையால் விவசாயம், பீன்ஸ், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு. 2006ல் வெளியான ஒப்பீட்டில் மெக்சிகோ பீமா ஆண்களில் 7% பேருக்குத்தான் பருமன். அரிசோனா பீமா ஆண்களில் 64%. பெண்களில் அங்கே 20%, இங்கே 75%. சர்க்கரை நோய் அங்கே 7%, இங்கே 38%. ஒரே வம்சம், நடுவில் ஒரு நாட்டு எல்லை. அந்த ஆற்றுத் தண்ணீர் உரிமைக்கான சட்டப்பூர்வ உடன்பாடு 2004ல்தான் வந்தது.

குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு?

1970களில் 5% அளவில் இருந்தது, இன்று ஐந்தில் ஒரு குழந்தைக்கு. 1978ல் மத்திய வர்த்தக ஆணையம், சிறு குழந்தைகளைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. இனிப்புத் தீனி விளம்பரங்களும் அதில் அடக்கம். கம்பெனிகள் கொதித்தெழுந்தன, 1980ல் நாடாளுமன்றம் ஆணையத்தின் கையைக் கட்டிப்போட்டது. மறுபடியும் அந்த வருடம்!

பள்ளி மதிய உணவிலும் இதே இழுபறிதான். 2010ல் ஒபாமா காலச் சட்டம் காய்கறி, முழுத்தானியங்களைக் கூட்டியது. அடுத்த வருடமே, பீட்சாவில் தடவும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை அரைக் கோப்பைக் காய்கறியாகக் கணக்கிடும் பழைய ஏற்பாட்டை மாற்றவிடாமல் நாடாளுமன்றம் தடுத்துவிட்டது. குழந்தைகளின் தட்டில்கூட வியாபாரம் கை வைத்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அரசு வேறு எதுவும் செய்யவில்லையா?

செய்யப் பார்த்தவர்கள் உண்டு. 2012ல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க், உணவகங்களில் 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட இனிப்புப் பானக் கோப்பைகளைத் தடை செய்ய முயன்றார், நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2014ல் வாக்கெடுப்பு நடத்தி அவுன்ஸுக்கு ஒரு சென்ட் வரி போட்டது. வேறு நகரங்களும் தொடர, 2018ல் குளிர்பான நிறுவனங்களின் நெருக்கடியால் கலிஃபோர்னியா சட்டமன்றம் 2031 வரை புதிய நகர வரிகள் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அதே 2018 முதல் பெரிய உணவகச் சங்கிலிகள் விலைப்பட்டியலில் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதன் பலன் சொற்பம்.

எதிர்த் தரப்பின் பலத்தைப் புரிந்துகொள்ள ஒரு தகவல் போதும். பெரிய உணவுக் கம்பெனிகளான ஜெனரல் ஃபுட்ஸை 1985லும் க்ராஃப்டை 1988லும் வாங்கியது பிலிப் மாரிஸ், சிகரெட் கம்பெனி. பிஸ்கட் கம்பெனியான நபிஸ்கோ, இன்னொரு சிகரெட் கம்பெனியான ஆர்.ஜே. ரெனால்ட்ஸோடு சேர்ந்தது.

குறைத்தவர்களுக்கும் ஏன் திரும்ப ஏறிவிடுகிறது?

உடம்பு இழந்த கொழுப்பை மீட்கப் போராடுகிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, 1994ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பட்டினி என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும்.

எடைக்குறைப்புக்கான ஒரு பிரபல தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட மோசம், சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி, அவர்கள் அளவுள்ளவர்களிடம் எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. நாட்டிலேயே கடுமையாக உழைத்துக் குறைத்தவர்கள் இவர்கள். இவர்களைப் பார்த்து "கட்டுப்பாடு இல்லை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஓசெம்பிக் ஊசி வந்துவிட்டதே, இனிப் பிரச்சினை தீர்ந்ததா?

ஓசெம்பிக் 2017ல் சர்க்கரை நோய்க்காக அனுமதி பெற்றது. அதே மருந்தைக் கூடுதல் அளவில் எடைக்காக வெகோவி என்ற பெயரில் 2021ல் அனுமதித்தார்கள். குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை அடக்குகிறது. ஆய்வில் சராசரியாக 15% எடை குறைந்தது. டிர்செபடைடு என்ற மற்றொரு மருந்தில் 20% அளவில். முந்தைய எந்த மருந்தும் இந்தப் பக்கம் வந்ததில்லை. ஆனால் நிறுத்தினால் ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. குமட்டல், வாந்தி பலருக்கு வருகிறது. அறிமுகமானபோது வெகோவியின் விலை மாதத்துக்கு 1,300 டாலருக்கு மேல். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு எட்டாத விலை.

மருந்தின் தாக்கம் கணக்கில் தெரியத் தொடங்கியிருக்கிறது. கேலப் நிறுவனம் மக்களிடம் கேட்டு எடுத்த கணக்கில் 2022ல் 39.9% ஆக இருந்த பருமன் 2025ல் 37% ஆகியிருக்கிறது. இதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். பசியை மருந்தால் குறைத்தவுடனே எடை இறங்குகிறதென்றால், இத்தனை காலமும் மன உறுதியைக் குறை சொன்னது எவ்வளவு தவறு என்பதும் இதில் தெரிகிறது.

அங்கே குடியேறிய நம் ஆட்களுக்கு இந்த ஆபத்துக் குறைவா?

கணக்கில் குறைவாகத் தெரியும். ஆசிய வம்சாவளியினரில் 16% பேருக்குத்தான் பருமன். அதை நம்பி ஏமாறக்கூடாது. தெற்காசியர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்கிறது. ஒல்லியாகத் தெரியும்போதே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதல், ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. 170 செ.மீ. உயரத்துக்கு அது 66 கிலோ. நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் உங்கள் தம்பிக்கு 72 கிலோ என்றால் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும், இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு எடை ஏறியிருக்கிறது. எடுத்துச் சொல்லலாமா?

"என்னடி இப்படி ஊதிட்ட" என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். அவருக்குத் தெரியாத எதையும் நீங்கள் சொல்லிவிடப் போவதில்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013ல் வெளியான ஆய்வில், எடைக்காக அவமதிக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. பேச்சு குத்தினால் மனிதர்கள் ஒளிந்துகொள்கிறார்கள், டாக்டரிடம் போவதையும் தள்ளிப்போடுகிறார்கள். காலையில் நடக்கப் போகும்போது கூப்பிடுங்கள். வழக்கமான சாப்பாட்டையே வையுங்கள், போதும் என்றால் இன்னொரு கரண்டி போடாதீர்கள். அவரே பேச்சை எடுத்தால் உட்கார்ந்து கேளுங்கள்.